குற்ற உளவியல் தொடர்கள், தமிழில்

கொலை நடந்த விதத்தையும் சடலம் கிடந்த கோலத்தையும் வைத்து, கொன்றவரின் மனம் எப்படிப்பட்டது என்று ஊகித்து ஆளைத் தேடும் சின்னத்திரைக் கதை வகை. அமெரிக்காவில் இதற்கு விதை போட்டது எஃப்.பி.ஐ. 1972இல் குவாண்டிக்கோவில் தொடங்கிய நடத்தை அறிவியல் பிரிவு. 2005 செப்டம்பர் 22 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய 'கிரிமினல் மைண்ட்ஸ்' தொடருக்கு முதலில் யோசித்திருந்த பெயரே 'குவாண்டிக்கோ'தான். தலைமை நிபுணராக நடித்த மாண்டி பட்டின்கின் 2007இல் விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு ஜோ மான்டேனா வந்தார். ஆள் மாறியும் தொடர் படுத்துவிடவில்லை. சி.பி.எஸ்.இல் 2020 வரை 15 சீசன் ஓடியது. பலகை நிறையப் புகைப்படங்கள், அதன் முன் நின்று பேசும் நிபுணர் என்று ஒரு வாய்ப்பாடும் உருவாகிவிட்டது. தமிழில் அந்தப் பலகை இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரு கோயில் இருந்தது.

தொடக்கம்: 1990களில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' வரிசையை முன்னோடி எனலாம். இயக்குநர் பாலச்சந்தர் குடும்பத்தின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கினார். கதை இந்திரா சௌந்தர்ராஜன். தாயின் பெயரான இந்திராவைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு எழுதியவர் அவர். வரிசையின் இரண்டாவது கதையான 'விடாது கருப்பு', அவருடைய 'விட்டுவிடு கருப்பா' நாவலிலிருந்து வந்தது. தவறு செய்தவரைக் கருப்பசாமி குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று ஒரு கிராமமே நம்புகிறது, கொலைகள் விழுகின்றன. கதாநாயகனின் சிறுவயதும் வாலிபமும் மாறி மாறி வரும்படி கதையைப் பின்னியிருந்தார்கள். வாராவாரம் ஒரு பகுதி பார்த்துவிட்டு ஏழு நாள் காத்திருந்த பார்வையாளரை நம்பி அப்படிச் செய்ய அன்று துணிச்சல் வேண்டும். கடைசியில் விடை சாமியிடம் இல்லை, பிளவுபட்ட ஒரு மனதில் இருக்கிறது. யார் என்று இங்கே சொல்லிவிட்டால், இனிமேல் பார்க்கப்போகிறவர் சபிப்பார். இதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னர் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். நாடக மேடையின் மூத்த நடிகை சி.டி. ராஜகாந்தம் கிழவி வேடத்தில் வந்து, பேச்சாலேயே காட்சிகளைத் தூக்கி நிறுத்தினார். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார்.

உண்மைக் குற்றம்: தொடர்கொலையாளி ஆட்டோ சங்கர் வழக்கில் அவருடைய மனதைத் திரைக்கு முன்பே பத்திரிகை திறந்து காட்ட முயன்றது. சிறையிலிருந்து அவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது அரசுத் தரப்பிலிருந்து தடை வந்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களின் அடிப்படையில் வெளியிட அனுமதி எதுவும் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தரங்க உரிமை குறித்து இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 2019இல் ஜீ5 தளம் அந்த வாழ்க்கையை இணையத் தொடராக்கியபோது சங்கராக நடித்தவர் மலையாள நடிகர் அப்பானி சரத். அந்த 'அப்பானி', 2017இல் வந்த 'அங்கமாலி டைரீஸ்' படத்தில் அவர் ஏற்ற வேடத்தின் பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

இடையே விஜய் தொலைக்காட்சியின் 'நடந்தது என்ன? குற்றமும் பின்னணியும்' போன்ற நிகழ்ச்சிகள் சம்பவங்களை நடித்துக் காட்டின. அவற்றில் பின்னணி இசை சற்றுத் தூக்கல், உளவியல் குறைவு.

ஓடிடி காலம்: 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியான 'சுழல்' எட்டுப் பகுதிகள் கொண்டது. எழுதியவர்கள் புஷ்கர்–காயத்ரி, இயக்கியவர்கள் பிரம்மா, அனுசரண். மலையூர் ஒன்றில் சிமென்ட் ஆலை தீப்பிடிக்கிறது, அதே சமயம் தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். தலைவராகப் பார்த்திபன், இன்ஸ்பெக்டராக ஸ்ரேயா ரெட்டி, சப்-இன்ஸ்பெக்டராகக் கதிர். கதை முழுக்க மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு சேர்ந்தே நகர்கிறது. மாசி மாதம் மகாசிவராத்திரியை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் விழா இது. மேல்மலையனூர் இதற்குப் பேர்போனது. வட மாவட்டத்துச் சமவெளிக்கு உரிய விழாவை மலைக்கு ஏற்றியது கதாசிரியர்களின் வசதிக்காக. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளையும் சங்கக் கொடிகளையும் தினமும் பார்க்கிறவருக்கு, ஆலை வாசலும் அம்மன் வேடமும் ஒரே கதையில் வருவது வினோதமாகப் படாது; பனி மூடிய மலைதான் கொஞ்சம் அந்நியம். ஆனால் வேடம் கட்டியவர்கள் நிறைந்த கூட்டத்தில் முகத்தை வைத்து யாரையும் எடைபோட முடியாது என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான விழா கிடைப்பது அரிது.

அதே ஆண்டு டிசம்பர் 2இல் வந்த ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி' இந்த வகையைத் தலைகீழாக்கியது. எஸ்.ஜே. சூர்யா முதன்முதலாக நடித்த இணையத் தொடர் அது. கன்னியாகுமரிப் பக்கம் கிடைத்த சடலம் ஒரு நடிகையுடையது என்று செய்தி பரவ, அந்த நடிகை உயிரோடு வந்து நிற்கிறார். இறந்தவள் வெலோனி. கொலையாளிக்குப் பதில் கொலையுண்டவளின் குணத்தைத்தான் ஊர் வரைகிறது. சொல்பவருக்கு ஏற்ப அவளும் மாறுகிறாள். சூர்யா ஏற்ற சப்-இன்ஸ்பெக்டர் விவேக்குக்கு ஆய்வுக்கூடமோ நிபுணரோ துணையில்லை. கேட்ட பேச்சில் எது பொய் என்று பிரிப்பதே அவருடைய வேலை. 2010 மே மாதம் 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்' வழக்கில், சம்மதமில்லாமல் நார்கோ சோதனையோ மூளை வரைபடச் சோதனையோ செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்ட நாட்டில், இது யதார்த்தத்துக்கு நெருக்கமான சித்திரம்தான்.

'சுழல்' இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது. இம்முறை கடலோரக் காளிப்பட்டினம், விழா அஷ்டகாளி. குலசேகரப்பட்டினத் தசராவை நினைவூட்டும் வேடக் கூட்டம். ஒரு வழக்கறிஞர் கொலையாகிறார். எட்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஆள், நான்தான் கொன்றேன் என்கிறார்கள்.