மாரிக்காலமும் எங்கள் ஆடுமாடுகளும்

 

குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு முன்பே காய்ந்த புல்லைச் சேமித்து வைப்பார்கள் என்று தரம் 6 இல் படிப்பித்தேன். "சேர், எங்கட ஊரில பனி கொட்டாதே, பிறகு ஏன் சேமிக்க வேணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி.

எங்களுக்குத் தட்டுப்பாடு மழையோடுதான் வரும். புரட்டாதியில் நெல் விதைத்தால் தை மட்டும் வயலுக்குள் மாடு இறங்கக்கூடாது. தரவைகளில் வெள்ளம் நிற்கும். ஊரெல்லாம் பச்சை, மேய இடமில்லை. அவிழ்த்துவிட்டால் கட்டாக்காலி என்று பிடித்துக் கட்டிவிடுவார்கள்.

அதனால் முன்னோர் வருடம் முழுவதையும் கணக்குப் பண்ணினார்கள். தை அறுவடை வைக்கோல் போராக ஏறி, அடுத்த மாரி மட்டும் இருக்கும். வடலி ஓலையை வெட்டி, கிழித்து மாட்டுக்குப் போடுவார்கள். பூவரசு, கிளுவை, முருக்கு நின்ற வேலி காணிக்கு எல்லை மட்டுமல்ல, ஆட்டுக்குத் தீனிக் களஞ்சியமும்தான். கொக்கத்தடியால் இழுத்தால் குழை. அறுவடை முடிந்த வயலில் மாடுகள் தாள் மேயும். இரவில் அங்கேயே பட்டி அடைத்தால் மண்ணுக்கு எரு.

யுத்தம் இதைக் குலைத்தது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. பிறகு உயிர்வேலிகள் இருந்த இடத்தில் மதில்கள் எழுந்தன.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மாரி தொடங்கும் நேரம். உம்மம்மா நாலு ஆடு வளர்த்தவ. அன்று காலை ஒடித்த பூவரசங்குழை கொட்டிலிலேயே கிடந்ததாம். கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறா. வீட்டைப் பற்றிக் கதைக்காத நாளிலும் அந்த ஆடுகளைப் பற்றிக் கதைப்பா என்று உம்மா சொல்லுவா.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. நனைந்து, காற்றில் நின்றவைதான் அதிகம். வைக்கோல் போன்ற நார்த்தீனி வயிற்றில் செரிக்கும்போது உடலுக்குச் சூடு தரும். வயிறு வெறுமையாக இருந்தால் குளிரைத் தாங்குவது கடினம். மாரியில் வைக்கோலும் ஓலையும் போட்ட பெரியவர்களின் வழக்கத்துக்குப் பின்னால் இந்த அறிவும் இருந்திருக்கிறது.

இந்த முறை அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிக்காதீர்கள். வேலியோரம் நாலு பூவரசந்தடி நடுங்கள். கொட்டிலுக்கு வாடைக்காற்றுப் பக்கம் ஒரு மறைப்புக் கட்டுங்கள். வாயில்லாச் சீவன்களின் பசிக்கும் நாங்கள்தான் பொறுப்பு.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மாரிக்கு என்ன தீனி சேர்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துப் படிப்பிப்பேன்.