படகே வீடான கதை

இங்கிலாந்தில் மகன் வீட்டுக்கோ மச்சினர் வீட்டுக்கோ போகிற நம்மவர்கள் இப்போது மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துக் கிராமப்புறம் சுற்றுகிறார்கள். கிளம்புமுன் வேலை நிறைய. தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும், கேஸ் சிலிண்டரைப் பார்க்க வேண்டும், ஊறுகாய் பாட்டில் வளைவில் உருளாதபடி அடுக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர். 1885-ல் பிரிஸ்டலில் ‘வாண்டரர்’ என்ற வீட்டு வண்டியைச் செய்யச் சொல்லி, இரண்டு குதிரை பூட்டி ஸ்காட்லாந்து வரை போனார். அவருடைய வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய், எதிரே வருகிறவர்களை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

வாண்டரர் உருளத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே பழவேற்காட்டுக்கும் சென்னைக்கும் நடுவே சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே நடந்தன. அந்தப் பயணத்தைப் பிறப்பித்தது பழவேற்காடு ஏரியைத் தொட்டுப் போகும் ஒரு கால்வாய்.

பேசில் காக்ரேன் என்ற வியாபாரி ஆங்கிலேயக் கடற்படைக்குச் சாமான் சப்ளை செய்து சம்பாதித்தவர். 1806-ல் அவர் பணத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 18 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். பிறகு அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது.

1837-ல் கால்வாய் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அதற்கு முழு உருவம் கொடுத்தது தாது வருஷப் பஞ்சம். 1877 தொடக்கத்தில் சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதோடு ஒரு சிறு காசு. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். ஓங்கோல் பக்கத்தில் ஜான் கிளவ் என்ற பாதிரியார் பட்டினியில் கிடந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே கால்வாயின் ஒரு பகுதியை வெட்ட ஒப்பந்தம் எடுத்தார். சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டரும் இப்படி வெட்டியதுதான். வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் சேர்ந்தன. 1878-ல் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டினவர்களின் கூலியை நினைத்தால் இந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகு, உப்பு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் எல்லாம் இந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கரையில் ஆள் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்க வேண்டும். ஏரியில் ஆழம் குறைவு, கழி ஊன்றித் தள்ளுவார்கள். கால்வாயில் ஏறி இறங்குவதோ கடல் தண்ணீர், அதற்கும் காத்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒரு ராத்திரியாவது ஆகும். ஆகவே படகில் அடுப்பும் வேண்டும், படுக்கப் பாயும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் குடிதண்ணீர். சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. மறந்துவிட்டால் போகிற வழியில் ஏதாவது ஒரு குப்பத்தில் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். படகு வீட்டை யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. தூரமும் உப்புத் தண்ணீரும் அதைச் செய்யவைத்தன.

உல்லாசமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1934-ல் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி முதலானோர் நிலா வெளிச்சத்தில் இதே கால்வாயின் தெற்குப் பகுதியில் மாமல்லபுரத்துக்குப் படகில் போனார்கள். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை அதில் பிறந்தது.

1899-ல் சென்னைக்கும் பெஜவாடாவுக்கும் (இன்றைய விஜயவாடா) இடையே ரயில் வந்தபோதே சரக்கு கை மாறத் தொடங்கிவிட்டது. பிறகு லாரி. 1965, 1966, 1976 புயல்கள் கரைகளை உடைத்தன, மண் தூர்ந்தது. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே ஊன்றினார்கள். இவ்வளவுக்கும் பிறகு, 2008-ல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை இந்தக் கால்வாயையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். பழவேற்காட்டு மீன் இன்றும் ஐஸ் பெட்டியில் பொன்னேரி வழியாக வண்டியில்தான் சென்னைக்குப் போகிறது.