தன் வழக்கைத் தானே நடத்துவோருக்கான சட்டத் தகவல் வாய்ப்புகள் (திருவாலங்காடு வட்டாரம்)

வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளாமல் நீதிமன்றத்தில் தாமே வாதாடுபவர் ‘நேரில் ஆஜராகும் கட்சிக்காரர்’ எனப்படுகிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3ஆம் கட்டளை இதற்கு இடம் தருகிறது. அமெரிக்காவின் பல மாவட்டங்களில் இத்தகையோர் நேரே சென்று படிக்கப் பொதுச் சட்ட நூலகங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் நீதிமன்ற வளாக நூலகங்கள் பெரும்பாலும் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர் சங்க உறுப்பினர்களுக்கும் உரியவை. எனவே திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த திருவாலங்காட்டுக் குடியானவர் தம் வழக்குக்கு வேண்டியதைப் பல அலுவலகங்களில் தேடித் திரட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வூரில் அந்தத் தேடல் கூடுதலாக நீளும். திருவாலங்காடு முன்பு கார்வேட்டிநகர் ஜமீனில், வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதி அதனுள் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. ஆகவே, தாத்தா காலத்து நிலத்துக்கு மூலம் தேடுபவர் ஒரே காணியின் தடயத்தைப் பல மாவட்டங்களின் பெயரில் தேடவேண்டி வரலாம். பழைய பத்திரங்களில் தெலுங்கில் எழுதப்பட்டவையும் உண்டு. ஜமீன் நிலமாக இருந்தால் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நடந்த நிலவரித் திட்ட ஆவணங்களும் தேவைப்படும். பழைய வருவாய் ஆவணங்களைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் தேடலாம்.

நில ஆவணம் இவ்வூருக்குப் புதிதன்று. 1905இல் இங்கு கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைப் பதிவு செய்பவை. மொத்தம் 31 ஏடுகள் கொண்ட இவற்றின் தமிழ்ப் பகுதி ஊரின் எல்லைகளை விரிவாகச் சொல்கிறது. இன்றும் நிலவழக்கின் வழக்குரையில் சொத்தின் எல்லைகளையோ புல எண்ணையோ குறிப்பிட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் கட்டளையின் 3ஆம் விதி கூறுகிறது. இதற்கான பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரை அணுகவேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பெறலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘மேனுவல் ஈசி’ கேட்டு மனு போடவேண்டும். எந்த அலுவலகத்திலாவது ஆவணம் தர மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும்.

சட்ட நூல்களுக்குப் பொது நூலகமே முதல் இடம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியோடு மக்கள் செலுத்தும் நூலக வரியால் இவை நடக்கின்றன. சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்துக்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் வந்து சேரவேண்டும். நூலை எடுத்ததும் பதிப்பாண்டைப் பார்ப்பது மிக அவசியம். 2024 சூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. பழைய கையேட்டை நம்பிப் புகார் எழுதுபவர் இல்லாத பிரிவைக் குறிப்பிட்டுவிடுவார். மத்திய, மாநிலச் சட்டங்களின் நடப்பு வாசகம் ‘இந்தியா கோட்’ தளத்தில் இலவசம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் கட்டணமின்றித் தேட உதவும் ‘ஈ-எஸ்சிஆர்’ 2023இல் தொடங்கியது. தேர்ந்தெடுத்த தீர்ப்புகளின் தமிழாக்கமும் கிடைக்கிறது. வாய்தா தேதியை ‘ஈ-கோர்ட்ஸ்’ செயலியில் வழக்கின் சிஎன்ஆர் எண் கொண்டு அறியலாம்.

மொழி ஒரு பெரிய ஆறுதல். தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்கு 1976இல் வந்த திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் பதிய வழிசெய்தது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலமே தொடர்கிறது. முன்சீப் கோர்ட்டில் தமிழில் தாமே வாதாடி வென்ற குடியானவரும் மேல்முறையீடு அங்கு போனால் மொழிபெயர்ப்புக்கு அலையவேண்டும். இந்த இடைவெளி நெடுநாளாக அடைபடாமல் கிடப்பது வருந்தத்தக்கது.

படித்தும் புரியாதபோது உதவி கேட்பதற்கு இடம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட ஆணைக்குழுவையும் வட்டக் குழுவையும் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். இக்குழுக்களின் சட்டத் தன்னார்வலர்கள் மனு எழுத உதவுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்த வழக்குக்கு ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதன் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்பதைக் கையெழுத்துக்கு முன் அறிந்திருக்க வேண்டும்.

தகவலைத் தேடும்போது காலக்கெடுவையும் மறக்கக்கூடாது. உரிமையியல் வழக்கில் சம்மன் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்யவேண்டும். நீதிமன்றம் இதை 90 நாள்வரை நீட்டிக்கலாம். சம்மன் வந்த தேதியை அதன் மீதே குறித்துவைத்து, முதலில் வழக்குரையின் நகலையும் ஆவணங்களின் நகலையும் கேட்டுப் பெறுவது நல்லது.