பல்லும் பதவியும்

“பல் போனால் சொல் போச்சு” என்பது முன்னோர் வாக்கு. பிரிட்டனிலோ பொய்ப்பல்லை முன்னிட்டு ஓர் அமைச்சரின் பதவியே போயிற்று.

அந்நாட்டில் 1874ஆம் ஆண்டு சர்க்கரை வரி நீக்கப்பட்டது. அதன்பின் ஏழையர் வீட்டுத் தேநீரிலும் சர்க்கரை தாராளமாகக் கலந்தது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்கும். அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். சொத்தை சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் பல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கான கட்டணத்துக்குக் கூலியாள் எங்கே போவான்? 1911ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டமும் தொழிலாளிக்கே மருத்துவம் தந்தது. அவன் மனைவிக்குத் தரவில்லை. எனவே, வலி முற்றியபின் பிடுங்கிவிடுவதே மலிவான வைத்தியமாயிற்று. திருமணத்துக்கு முன்பே மணப்பெண்ணின் பற்கள் அனைத்தையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டி அனுப்பும் வழக்கமும் சில வட்டாரங்களில் இருந்தது. கணவனுக்கு வருங்காலச் செலவு மிச்சமாம்! சீர்வரிசையில் இப்படியும் ஒன்று.

1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேசிய நலச் சேவை தொடங்கியது. பல் மருத்துவமும் பொய்ப்பல்லும் இலவசமாயின. மக்கள் திரண்டனர், செலவு மதிப்பீட்டை வெகுவாக விஞ்சியது. இதனை இலவசத்தின்மேல் கொண்ட ஆசை என்று சிலர் ஏளனம் செய்தனர். அது நியாயமான பேச்சன்று. நனைத்த ரொட்டியன்றி வேறெதனையும் மெல்ல இயலாதவரும், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டவரும் அவ்வரிசையில் நின்றனர். அவர்களுடைய துன்பம் புதிதன்று. அதுவரை எந்த அரசின் கணக்கிலும் ஏறாதிருந்தது, அவ்வளவே.

கொரியப் போரையொட்டிப் படைச்செலவு பெருகியது. 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களே செலுத்தவேண்டும் என அறிவித்தார். அவ்வாண்டில் அதனால் கிட்டக்கூடியது 1 கோடியே 30 இலட்சம் பவுன். படைச்செலவுக்கு முன் அது சிறுதொகை. பதின்மூன்றாம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, பின்னாளில் நலத்துறை அமைச்சராகி அச்சேவையை நிறுவிய அனூரின் பெவன் அப்போது தொழிலாளர் அமைச்சர். அவர் பதவி விலகினார். ஹரோல்ட் வில்சனும் ஜான் ஃபிரீமனும் உடன் விலகினர். அவ்வாண்டு அக்டோபர்த் தேர்தலில் அக்கட்சி ஆட்சியை இழந்தது. 1952இல் புதிய அரசு பல் சிகிச்சைக்கும் கட்டணம் விதித்தது.

1968இல் நடந்த ஆய்வில், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பெரியவர்களுள் 37 விழுக்காட்டினர்க்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. 2009இல், வட அயர்லாந்தையும் சேர்த்த கணக்கில், அது 6 விழுக்காடாகக் குறைந்தது. கட்டணமோ இங்கிலாந்தில் இன்றும் நிலவுகிறது.