தெற்குச் சிட்னியின் இருபத்தொரு பட்டங்கள்



ரக்பி என்றதும் நம் நாட்டு மக்களின் நினைவில் எழுவது, குழுவுக்குப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டமே ஆகும். எச்.எம்.எஸ். மலாயா கிண்ணத்திற்காக ஆடப்பட்டு வந்ததும் அதுதான். இன்று நாம் காணவிருப்பதோ அதனின்று பிரிந்து போன மற்றோர் ஆட்டம். அதற்கு ரக்பி லீக் என்று பெயர். குழுவுக்குப் பதின்மூன்று பேர் ஆடுவார்கள். பந்தைச் சுமந்து ஓடி எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் அது ஒரு 'ட்ரை'. பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள். இவ்வளவு தெரிந்தால் இன்றைய பேச்சுக்குப் போதும்.

இந்தப் பிரிவினை ஏன் வந்தது? ஆட்ட விதிகளில் எழுந்த சண்டையால் வரவில்லை நேயர்களே, கூலியால் வந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் நெசவாலைகளிலும் உழைத்தவர்கள் அந்நாளில் சனிக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டும். ஆட்டத்திற்கு வந்தால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். அந்த இழப்பையாவது ஈடு செய்யுங்கள் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. பணம் வாங்கி ஆடுவது இழிவு என்று தலைமைச் சங்கம் மறுத்தது. சனிக்கிழமை வேலை இல்லாத சீமான்களுக்கு அப்படிச் சொல்வது எளிது. 1895 ஆகஸ்டு 29ஆம் நாள் ஹடர்ஸ்பீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, 22 கழகங்கள் தனியே பிரிந்தன. ஒரு நாள் கூலி இழப்புக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று அவை முடிவு செய்தன. தொழில்முறை ரக்பி லீக் அங்கே பிறந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே வழக்கு சிட்னி நகரில் எழுந்தது. 1907இல் அலெக் பர்டன் என்ற ஆட்டக்காரர் ஆட்டத்தில் தோளில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். அவருக்கு ஈட்டுத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. நுழைவுச்சீட்டு விற்ற பணம் சங்கத்தின் பெட்டியில் நிறைந்திருக்க, அடிபட்டவர் வீட்டில் அடுப்பு எரியவில்லையே என்ற ஆத்திரம் பரவியது. அவ்வாண்டே நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் அமைந்தது. 1908 ஜனவரி 17ஆம் நாள் ரெட்பெர்ன் நகர மண்டபத்தில் மக்கள் கூடித் தெற்குச் சிட்னிக் கழகத்தைத் தொடங்கினார்கள்.

ரெட்பெர்ன் செல்வர்கள் வாழ்ந்த இடமன்று. ஈவ்லி என்ற மிகப் பெரிய இரயில் பட்டறை அதற்கு அருகில் இருந்தது. நெருக்கமான சிறு வீடுகளில் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் பலரும் வேலை தேடி அங்கே வந்து குடியேறினார்கள். இக்கழகத்தின் பட்டப்பெயர் 'ராபிட்டோஸ்'. முயல் விற்பவர்கள் தெருவில் "ராபிட்-ஓ" என்று கூவிச் செல்வது அங்கே வழக்கமாக இருந்தது. ஆட்டக்காரர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் முயல் விற்றுப் பிழைத்தார்கள் என்றும், முதல் நாள் ஆடிய அதே சட்டையோடு போனதால் அதில் முயலின் இரத்தம் படிந்திருக்கும் என்றும் கதை சொல்வார்கள். எதிரிகள் கேலியாக வைத்த பெயரைக் கழகம் தன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டது. சட்டையின் நிறம் சிவப்பும் பச்சையும்.

இனி இக்கழகத்தின் சாதனைகளுக்கு வருவோம். 1908இல் நடந்த முதல் போட்டியில் ஒன்பது கழகங்கள் பங்கு கொண்டன. இறுதி ஆட்டத்தில் கிழக்குப் புறநகர்க் குழுவை 14-12 என்று வென்று முதல் பட்டத்தைத் தெற்குச் சிட்னி பெற்றது. மறு ஆண்டும் பட்டம் அதற்கே. ஆனால் அந்த 1909ஆம் ஆண்டு வெற்றியை நாம் பெரிதாகக் கொள்வதற்கில்லை. இறுதி ஆட்டத்தை வேறோர் ஆட்டத்திற்கு முன்னோட்டமாக வைத்தார்கள் என்று சினந்து பால்மெய்ன் குழு களத்திற்கு வரவில்லை. தெற்குச் சிட்னியோ ஆளில்லாக் களத்தில் பந்தை உதைத்து, எடுத்துச் சென்று ட்ரை வைத்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டது. பால்மெய்ன் ஆதரவாளர்களின் பேரப்பிள்ளைகள் வரை இதை மறக்கவில்லை. பட்டியலில் எண்ணிக்கை ஒன்றுதான், மதிப்பு ஒன்றன்று.

1914, 1918 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரண்டு பட்டங்கள் வந்தன. பிறகு வந்தது பெரிய காலம். 1925இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்று, 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அதைக் காத்தது. 1930இல் மட்டும் தவறவிட்டு, 1931லும் 1932லும் மீண்டும் வென்றது. எட்டு ஆண்டுகளில் ஏழு பட்டங்கள். உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையில்லாமல் மக்கள் தவித்த ஆண்டுகளும் இவற்றுள் அடங்கும் என்பதை நாம் கருத வேண்டும்.

அடுத்த பொற்காலம் 1950களில் வந்தது. அதன் நாயகர் கிளைவ் சர்ச்சில். உருவத்தில் சிறியவர். 'சின்ன மேதை' என்ற பொருளில் அவரை அழைத்தார்கள். 1950, 1951, 1953, 1954 என்று பட்டங்கள் வந்தபின், 1955இல் குழு தடுமாறியது. எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தையும் வென்றாலன்றிப் பட்டம் இல்லை என்ற நிலை. அப்போது மேன்லி குழுவோடு நடந்த ஓர் ஆட்டத்தில் சர்ச்சிலின் கை முறிந்தது. இடைவேளையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்துக் கையில் வைத்துக் கட்டினார்களாம். நம் மாணவர்கள் கணக்குப் போடும் புத்தகத்தின் அட்டை போன்றதுதான். அந்தக் கட்டோடு அவர் தொடர்ந்து ஆடினார். ஆட்டம் சமநிலையில் இருக்க, முடிவு மணி அடித்த பிறகு எடுத்த உதையில் பந்தைக் கம்பங்களுக்கிடையே அனுப்பி 9-7 என்று வெற்றி தேடித் தந்தார். தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்ற குழு, இறுதி ஆட்டத்தில் நியூடவுனை 12-11 என்று ஒரே புள்ளியில் வென்றது. 1955இன் அதிசயம் என்றே இதை இன்றும் சொல்வார்கள்.

அதன்பின் செயின்ட் ஜார்ஜ் கழகத்தின் காலம். 1956 முதல் 1966 வரை பதினோர் ஆண்டுகள் அவர்களே தொடர்ந்து வென்றார்கள். தனி ஒரு தொடர்ச்சியாகப் பார்த்தால் அது தெற்குச் சிட்னியின் எந்தச் சாதனையையும் விடப் பெரிது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1965 இறுதி ஆட்டத்தில் இளைஞர்கள் நிறைந்த தெற்குச் சிட்னிக் குழு அவர்களிடம் 8-12 என்று தோற்றது. அதைக் காண 78,056 பேர் சிட்னி கிரிக்கெட் திடலில் திரண்டார்கள். இடம் போதாமல் கூரை மேல் ஏறியவர்களும் உண்டு.

1967இல் ஆட்ட விதி மாறியது. அதுவரை ஒரு குழு எத்தனை முறை பிடிபட்டாலும் பந்தைத் தானே வைத்திருக்கலாம். இனி நான்கு முறைதான் என்று கட்டுப்பாடு வந்தது. வேகமாக ஓடும் குழுவுக்கு இது வாய்ப்பாயிற்று. சர்ச்சில் இப்போது பயிற்றுநர். அவருடைய பயிற்சியில் 1967, 1968, 1970, 1971 என ஐந்து ஆண்டுகளில் நான்கு பட்டங்கள் கிடைத்தன. எரிக் சிம்ஸ் என்ற பூர்வகுடி ஆட்டக்காரர் அக்குழுவில் இருந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்புவதில் அவருக்கு நிகர் அவரே. ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள். அவர் குவித்த குவிப்பைக் கண்டு, 1971இல் அந்த உதைக்கு ஒரு புள்ளிதான் என்று விதியையே மாற்றினார்கள்! ஒரு மனிதரின் கால் சட்டத்தைத் திருத்தியது எனலாம்.

1970 இறுதி ஆட்டத்தை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். குழுத் தலைவர் ஜான் சாட்லர். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மேன்லி ஆட்டக்காரர் ஒருவர் விட்ட குத்தில் அவருடைய தாடை எலும்பு உடைந்தது. நான் அடிபட்டது எதிரிக்குத் தெரியக்கூடாது, என்னைத் தாங்கிப் பிடித்துக்கொள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உடைந்த தாடையோடு ஏறத்தாழ எழுபது நிமிடங்கள் ஆடினார். தெற்குச் சிட்னி 23-12 என்று வென்றது. இதைப் பின்பற்றுங்கள் என்று நாம் மாணவர்களுக்குச் சொல்ல மாட்டோம். அடிபட்டவர் வெளியேறி மருத்துவரிடம் போவதே முறை. ஆயினும் ரெட்பெர்ன் மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தத் தாடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதன் காரணம் நமக்கு விளங்குகிறது.

1971இல் வந்தது இருபதாவது பட்டம். பிறகு கழகத்தின் கையில் பணம் இல்லை. ரான் கூட் 1972இல் கிழக்குப் புறநகர்க் குழுவுக்குப் போனார். ஜான் ஓ நீலும் ரே பிரானிகனும் மேன்லிக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கூலிக்காகப் பிறந்த ஆட்டத்தில், கூலி அதிகம் கிடைக்கும் இடத்திற்கு ஆட்டக்காரர்கள் போனார்கள். 1989இல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற குழு, 1990இல் கடைசி இடத்திற்கு வந்தது. ஏணியில் ஏறியதும் சறுக்கியதும் ஓராண்டு இடைவெளியில்.

1995இல் தொலைக்காட்சி உரிமைக்காகப் பெரும் நிறுவனங்கள் மோதின. ஆட்டமே இரண்டாகப் பிளந்தது. 1997இல் சமாதானம் ஏற்பட்டபோது, 2000ஆம் ஆண்டு முதல் 14 குழுக்கள்தான் இருக்கலாம் என்பது நிபந்தனை. வருமானம், பார்வையாளர் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு கழகங்கள் அளக்கப்பட்டன. சில கழகங்கள் அஞ்சி ஒன்றோடொன்று இணைந்தன. தெற்குச் சிட்னி இணைய மறுத்தது. 1999 அக்டோபர் 15ஆம் நாள் அது போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

இருபது பட்டங்கள் பெற்ற கழகம்! வேறு எவரும் அத்தனை பெற்றதில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் பட்டங்களுக்கு ஒரு பத்தியும் இல்லை.

கழகத்தின் தலைவர் ஜார்ஜ் பிக்கின்ஸ், 1971இல் பட்டம் வென்ற குழுவில் ஆடியவர். அவர் நீதிமன்றம் போனார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1999 அக்டோபரில் சிட்னி நகர மண்டபத்தை நோக்கி நடந்தவர்கள் 40,000 பேர் என்றும், 2000 நவம்பரில் நடந்தவர்கள் 80,000 பேர் என்றும் கணித்தார்கள். மற்றக் குழுக்களின் சட்டை அணிந்தவர்களும் அந்த ஊர்வலத்தில் நடந்தார்கள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். 2000, 2001 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சிவப்பும் பச்சையும் முதல்தரப் போட்டியில் இல்லை. முதல் வழக்கில் கழகம் தோற்றது. 2001 ஜூலையில் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். 2002இல் குழு திரும்பி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், 2003 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நீக்கியது சட்டப்படி குற்றமில்லை என்றது. ஆனால் அதற்குள் குழு மீண்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஊர்வலம் போன மக்களின் நினைவு ஆறுமுன்னே மறுபடி வெளியேற்ற யாரும் துணியவில்லை. சட்டத்தில் தோற்றுக் களத்தில் தங்கிய கழகம் இது.

திரும்பி வந்ததும் வெற்றி குவிந்ததா என்றால் இல்லை. முதல் ஆட்டத்திலேயே பழைய எதிரியான கிழக்குக் குழுவிடம் 6-40 என்று தோல்வி. 2003, 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் கடைசி இடம். 2006இல் நடிகர் ரசல் குரோவும் தொழிலதிபர் பீட்டர் ஹோம்ஸ் ஆ கோர்ட்டும் 30 இலட்சம் டாலருக்குக் கழகத்தின் 75 விழுக்காட்டு உரிமையை வாங்க முன்வந்தார்கள். உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். பிக்கின்ஸ் எதிர்த்தார். மக்கள் மீட்ட கழகத்தைத் தனியாருக்கு விற்பதா என்பது அவருடைய வாதம். தேவைப்பட்ட முக்கால் பங்கு வாக்குகள் மயிரிழையில் கிடைத்தன. யார் பக்கம் நியாயம்? ஊர்வலத்தில் நடந்தவர்களே இரு கட்சியாய் நின்ற கேள்வி அது. பிக்கின்ஸின் வருத்தத்தில் நாமும் பங்கு கொள்கிறோம். புதியவர்கள் கொண்டுவந்த பணம் இல்லாமல் அடுத்த பட்டம் வந்திருக்காது என்றும் எண்ணுகிறோம்.

அந்தப் பட்டம் 2014 அக்டோபர் 5ஆம் நாள் வந்தது. குழுத் தலைவர் ஜான் சட்டன், அந்த வட்டாரத்து இளையோர் குழுக்களில் வளர்ந்தவர். 2004இல் கடைசி இடத்தில் இருந்த குழுவில் ஆடத் தொடங்கி, 2019இல் ஓய்வு பெறும்போது 336 ஆட்டங்கள் ஆடியிருந்தார். கழக வரலாற்றில் அதுவே மிகுதி. அன்று எதிரி கேண்டர்பரி. ஆட்டத்தின் முதல் மோதலிலேயே சாம் பர்கெஸ் என்பவரின் கன்ன எலும்பு உடைந்தது. அவர் இங்கிலாந்தின் வடபகுதியில், ஹடர்ஸ்பீல்டுக்கு அண்மையிலுள்ள டியூஸ்பரியில் பிறந்தவர். அவருடைய தம்பியர் இருவரும் அதே குழுவில் அன்று ஆடினார்கள். சாட்லரின் கதையைக் கேட்டே வளர்ந்த ஆதரவாளர்கள், வீங்கிய முகத்தோடு அவர் எண்பது நிமிடமும் ஆடுவதைக் கண்டார்கள். 83,833 பேர் கூடியிருந்த அரங்கில் தெற்குச் சிட்னி 30-6 என்று வென்றது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் இருபத்தொன்றாவது பட்டம். இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய பதக்கம் பர்கெஸுக்குக் கிடைத்தது. 1985இல் மறைந்த கிளைவ் சர்ச்சிலின் பெயரால் வழங்கப்படும் பதக்கம் அது.

2021இல் குழு மீண்டும் இறுதி ஆட்டம் வரை வந்து, பென்ரித் குழுவிடம் 12-14 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது.