விலங்கு மருந்தகத்தில் இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? செல்லப் பிராணி வளர்ப்போர் தெரிந்துகொள்ளவேண்டியவை

உங்கள் பூனைக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் பனடால் இருக்கிறது. ஒரு மாத்திரை கொடுத்தால் என்ன ஆகிவிடும்?

பூனை இறந்துபோகலாம்.

பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் நொதி மனிதர்களின் கல்லீரலில் உண்டு. பூனைக்கு அது போதுமான அளவு இல்லை. அதனால் மருந்து நச்சாகிறது. ரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கமுடியாமல் போகிறது. ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், மூச்சுத் திணறும்.

விலங்குகளுக்கான மருந்தைத் தனிக் கவனத்தோடு கையாள இது முதல் காரணம். அங்குள்ள சில மருந்துகளை மனிதர்கள் போதைக்காகப் பயன்படுத்தும் அபாயம் உண்டு என்பது இரண்டாவது காரணம்.

மருந்தைத் தருவது யார்?

சிங்கப்பூரில் பெரும்பாலும் விலங்கு மருந்தகம் என்பது மருந்தகத்தின் முகப்புக்குப் பின்னால் இருக்கும் அலமாரிதான். மருத்துவரே பரிசோதித்து, மருந்து எழுதி, அங்கேயே கொடுப்பார். விலங்கு மருத்துவராகப் பணிபுரிய உரிமம் வேண்டும். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 ஏப்ரல் 1 முதல் செயல்படும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு அதை வழங்குகிறது.

"போன முறை கொடுத்த அதே மருந்துதானே, போன்ல சொன்னா போதாதா?" என்று பலர் கேட்பதுண்டு. மருந்தின் அளவு விலங்கின் எடையைப் பொறுத்தது. 3 கிலோ சிவாவாவுக்கும் 30 கிலோ லாப்ரடாருக்கும் ஒரே மாத்திரை சரிவராது. சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்பதும் முக்கியம். பார்க்காமல் மருந்து தர மறுத்தால், அது உங்களை அலைக்கழிப்பதற்காக அல்ல.

பூட்டிய அலமாரியில் என்ன இருக்கு?

கெட்டமின். அறுவை சிகிச்சைக்குமுன் விலங்கை மயங்கவைக்கும் மருந்து இது. ஆனால் போதைக்காகவும் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். கடுமையான வலிக்குத் தரப்படும் ஃபென்டனில் போன்ற மருந்துகளும் அப்படித்தான்.

இவற்றைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. எத்தனை மில்லிலிட்டர் வந்தது, எந்த விலங்குக்கு எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு மீதமாகிக் கழிக்கப்பட்டது என எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். ஏட்டில் உள்ள கணக்கும் புட்டியில் உள்ள அளவும் ஒத்துப்போகவேண்டும். போகாவிட்டால் அன்றே காரணம் தேடவேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் எப்போதும் தெரிந்திருக்கவேண்டும்.

குளிர்பதனப் பெட்டியிலும் கவனம்

தடுப்பூசிகளையும் இன்சுலினையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கவேண்டும். உறைந்துபோனாலும் கெட்டுவிடும்; பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் நல்ல மருந்தகங்களில் தினமும் வெப்பநிலையைக் குறித்துவைக்கிறார்கள். ஊழியர்களின் சாப்பாட்டுக்கு வேறு பெட்டி. சீக்கிரம் காலாவதியாகும் மருந்து முன்வரிசையில் இருக்கும். ஊசிமருந்துப் புட்டியைத் திறந்தால், திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுவார்கள்.

ஒரு சின்னத் தவறு, இரண்டரை மடங்கு மருந்து

நீரிழிவு உள்ள நாய், பூனைகளுக்குத் தரப்படும் சில இன்சுலின்களில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு இருக்கும். மனிதர்களின் இன்சுலினில் பொதுவாக 100 அலகு. இரண்டுக்கும் ஊசிக்குழாய் வேறு. 100 அலகு இன்சுலினை 40 அலகுக் குழாயில் எடுத்து, 4 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 10 அலகு. ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். தாத்தா பாட்டியின் ஊசிக்குழாயை அவசரத்துக்கு எடுக்கவே கூடாது.

உங்கள் பங்கு என்ன?

மருந்து வீட்டுக்கு வந்தபிறகு பொறுப்பு உங்களுடையது.

• லேபிளைச் சரிபாருங்கள்: விலங்கின் பெயர், மருந்தின் பெயர், வீரியம், அளவு, எத்தனை வேளை, தேதி. ஒன்று இல்லாவிட்டாலும் முகப்பிலேயே கேளுங்கள்.

• நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தரும்.

• மீந்த ஆண்டிபயாட்டிக்கை இன்னொரு விலங்குக்குக் கொடுக்காதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் விலங்கிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடும். 2017இல் சிங்கப்பூர் அறிவித்த தேசியச் செயல்திட்டம் மனிதர், விலங்கு, உணவு, சுற்றுப்புறம் நான்கையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

• பூனையின் காதில் தடவும் தைராய்டு மருந்து உங்கள் தோல் வழியாகவும் உள்ளே போகும். கையுறை அணியுங்கள்.

• மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்தைச் சீட்டு கேட்காமலே இணையத்தில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது போலியா, வெயிலில் கிடந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

• காலாவதியான மருந்தைக் கழிப்பறையில் கொட்டவேண்டாம். எப்படிக் கழிப்பது என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

தவறான மருந்தைச் சாப்பிட்டுவிட்டால்?

அறிகுறிக்காகக் காத்திருக்கவேண்டாம். உடனே மருந்தகத்தை அழையுங்கள். இரவு என்றால் 24 மணி நேரச் சேவை உள்ள இடத்தை அழையுங்கள். மருத்துவர் சொல்லாமல் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மருந்தின் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, விலங்கின் எடை எவ்வளவு - மருத்துவர் முதலில் கேட்பது இந்த மூன்றும்தான்.