பத்திரத்தில் இல்லாத பெயர்

கோயம்புத்தூரிலிருந்து அவினாசிக்குப் போகிற சாலையில், சோமனூருக்கும் அன்னூருக்கும் வழி பிரிகிற இடத்தில் இருக்கிறது கருமத்தம்பட்டி. ஜெபமாலை மாதா கோயிலால் பெயர் பெற்ற ஊர். 17-ஆம் நூற்றாண்டிலேயே பாதிரிமார்கள் இங்கே வந்துவிட்டார்கள். விசைத்தறிச் சத்தம் பிற்பாடு வந்தது. 2021-இல் ஊர் நகராட்சியாகவும் ஆகிவிட்டது. நான் சொல்ல வந்தது கோயிலைப் பற்றியும் அல்ல, தறியைப் பற்றியும் அல்ல. சோளம் விளைந்த காட்டில் மனைக்கல் முளைக்கிறதே, அந்த வெள்ளாமையைப் பற்றி.

பெரிய கம்பெனிக்காரர்களை விட்டுவிடுங்கள். ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று ஓர் இடத்தைப் பிடித்து, இரண்டு வீடோ மூன்று வீடோ கட்டி விற்று, வந்த பணத்தை அடுத்த இடத்துக்கு முன்பணமாகக் கொடுக்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியானவர். கரணையை மகன் கையில் கொடுத்துவிட்டு, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையோடு அலைவார். பைக்குள் இருப்பது பூராவும் காகிதம். அவர் கட்டிய வீட்டுப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் பெயர் இருக்கும். எழுதி வாங்கியவர் பெயர் இருக்கும். பத்திரம் எழுதியவர் பெயர்கூட அடியில் இருக்கும். கட்டி விற்றவர் பெயரைத்தான் பல பத்திரங்களில் காணமுடியாது. ஏன் என்று தேடிப் போனால் இருநூறு வருஷம் பின்னால் நடக்கவேண்டியிருக்கிறது.

1799-இல் திப்பு சுல்தான் விழுந்ததும் கொங்குச் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. அப்போது இங்கே பூமியை வள்ளக் கணக்கில் சொன்னார்கள். ஒரு வள்ளம் ஏறக்குறைய நாலு ஏக்கர். கிணறு வெட்டியது தோட்டம், மானம் பார்த்தது காடு; தீர்வையும் அதற்குத் தகுந்தபடிதான். 1815 முதல் 1830 வரை இங்கே கலெக்டராக இருந்தவர் ஜான் சல்லிவன், ஊட்டியை உண்டாக்கிய அதே துரை. தாமஸ் மன்றோ சென்னைக் கவர்னராக இருந்த 1820-களில் ரயத்துவாரி முறை ராஜதானியில் வேரூன்றியது. நடுவே ஜமீன்தார் கிடையாது. குடியானவன் சர்க்காருக்கு நேரே தீர்வை செலுத்துவான். அதற்காகக் கொடுத்த சீட்டுத்தான் பட்டா. அது, “இந்தப் பூமி உன்னுடையது” என்று சொன்ன சீட்டு அல்ல. “இந்தப் பூமிக்கு வரி கட்டவேண்டியவன் நீ” என்று சொன்ன சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெகு பேருக்குக் கோர்ட்டுப் படியேறிய பிறகுதான் விளங்கும்.

அப்படியானால் பூமி யாருடையது என்று எது சொல்லும்? பத்திரம். 1864-இல் ரிஜிஸ்திரேஷன் சட்டம் வந்தது. 1882-இல் சொத்து மாற்றச் சட்டம் வந்தது. 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள ஸ்தாவரச் சொத்தைப் பதிவான பத்திரம் மூலமாகத்தான் கிரயம் செய்யலாம் என்று அதன் 54-ஆவது பிரிவு விதித்தது. அந்த 100 ரூபாய் இன்றைக்கும் மாறவில்லை. இன்று அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டை சிமெண்ட்கூட வராது.

ஆனால் பதிவு செய்வது வேறு, உரிமையை உறுதி செய்வது வேறு. ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு முறை கொண்டுவந்தார். அங்கே சர்க்கார் புத்தகத்தில் பெயர் ஏறினால் சொத்து அவருடையது; சர்க்காரே ஜவாப்தாரி. நம்முடைய பதிவு ஆபீஸ் அப்படிப்பட்டதல்ல. நீங்கள் கொண்டுவந்த காகிதத்தை வாங்கி, கைநாட்டை ஒப்பிட்டு, நகலை வைத்துக்கொள்ளும். கொடுத்தவருக்கு உரிமை உண்டா என்பது உங்கள் பாடு. தமிழ்நாட்டில் 2022-இல், பழைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று ஒரு விதி சேர்த்தார்கள். 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. உரிமையை விசாரிப்பது பதிவாளர் வேலையல்ல என்பதுதான் அதன் சாரம். ஆகவே முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்து, தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பிடித்து, வக்கீலிடம் காட்டுகிற வேலை அந்தப் பிளாஸ்டிக் பைக்காரர் தலையில் விழுகிறது. வில்லங்கச் சான்றிலோ பதிவான வில்லங்கம் மட்டுமே தெரியும். தாராபுரத்துக்கோ பெருந்துறைக்கோ கட்டிக் கொடுத்த மகள் அதில் தெரியமாட்டாள்.

இந்த மகள் விஷயம் கொஞ்சம் நின்று பேசவேண்டியது. நம் கொங்கு நாட்டு நாவலாசிரியர் ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வெளிவந்தது. புருஷனை இழந்தவள் கொழுந்தனிடம் பூமியில் பாகம் கேட்கிறாள். கொலையில் போய் முடிகிறது. 1937-இல் வந்த சட்டம் விதவைக்குப் புருஷன் சொத்தில் பங்கு கொடுத்திருந்தது. ஆனால் மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941-இல் பெடரல் கோர்ட்டு சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனியாகச் சட்டம் செய்து நிலத்துக்கும் அதை நீட்டியது 1947-இல்தான். நாகம்மாள் கேட்ட காலத்தில் சட்டம் அவள் பக்கம் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் கதை இன்னும் கனக்கிறது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம், அதுவரை கல்யாணமாகாத பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாகப் பங்கு கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் எல்லா மகள்களுக்கும் அது வந்தது. 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்பதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது. பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருந்த அண்ணன் தம்பிகளுக்கு இதெல்லாம் கசப்பு மருந்து. எனக்கு அதில் வருத்தமில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். மேஸ்திரி 30 லட்சத்துக்கு ஓர் இடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம் பெயருக்குக் கிரயம் செய்தால், 2023 ஏப்ரல் முதல் உள்ள கணக்குப்படி முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. ஆக 2,70,000 ரூபாய். வீட்டைக் கட்டி விற்கும்போது வாங்குகிறவர் அதே பூமிக்கு மறுபடியும் கட்டுவார். அது விலையில்தான் வந்து விடியும். ஆகவே அவர் என்ன செய்கிறார்? பூமிக்காரருக்கு முன்பணம் கொடுத்து அக்ரிமெண்ட் போடுகிறார். பவர் பத்திரம் வாங்கிக்கொள்கிறார். வீட்டைக் கட்டி, பூமிக்காரரிடமிருந்து வாங்குகிறவருக்கு நேரே கிரயம் செய்ய வைக்கிறார். நடுவிலே நின்றவர் பெயருக்குச் சொத்து ஒரு நாளும் வருவதில்லை. பவர் எழுதி வாங்கினால் கிரயமாகிவிடாது என்று 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொன்னது. கட்டி விற்பதற்காக உண்மையாகவே கொடுத்த பவரை அது தொடவில்லை. என்றாலும், பவர் வைத்திருக்கிறவர் உடையவர் அல்ல என்பது உறுதியாயிற்று.

சொத்து பெயரில் இல்லாவிட்டால் கடன் ஏது? பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குகிற வசதியையே 1882-ஆம் வருஷச் சட்டம் சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற சில பட்டணங்களுக்கு மட்டும்தான் கொடுத்தது. பூமி எந்த ஊரில் இருந்தாலும் பாதகமில்லை, பத்திரம் கைமாறும் இடம் பட்டணமாக இருக்கவேண்டும். கோயம்புத்தூர் ஜில்லாப் பூமியின் பத்திரத்தை ரயிலேற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லும். உள்ளூர்ச் செட்டியாரிடம் கொடுத்தால் அது வெறும் நம்பிக்கை. பின்னால் வேறு ஊர்களும் அந்த ஜாபிதாவில் சேர்ந்தன. 1977-இல் பம்பாயில் ஹெச்.டி.எஃப்.சி. தோன்றியது முதல் வீடு வாங்குகிற சம்பளக்காரருக்குக் கடன் தருவது பெரிய தொழிலாக வளர்ந்தது. கட்டுகிற மேஸ்திரிக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, பத்திரமும் இல்லை. அவருக்கு வாய்த்தது ஏலச்சீட்டும் ரெண்டு ரூபாய் வட்டியும்தான். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. முப்பது லட்சத்துக்கு மாதம் 60,000. மழை பெய்தாலும், மணல் வராவிட்டாலும், ஆபீஸில் சர்வர் வேலை செய்யாவிட்டாலும் வட்டி மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்.

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று சென்னை ஹைகோர்ட்டு தடை போட்டது. விளைநிலமெல்லாம் மனையாகிறதே என்ற கவலை நியாயமானதுதான். வாய்க்காலை மூடி மனை போட்டவர்கள் இருந்தார்கள். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் நவம்பர் 8-ஆம் தேதி நோட்டுச் செல்லாது என்ற அறிவிப்பு. வரன்முறை விதிகள் வந்தது 2017 மே மாதத்தில். வாங்கி விற்கலாம் என்று மனையில் பணம் போட்டவர்கள் அந்த எட்டு மாதமும் வட்டி கட்டினார்கள். அதே வருஷம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் தமிழ்நாட்டில் வந்தது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 12 சென்டுக்கு, மேற்படாத இடமோ எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமோ அதில் பதிய வேண்டியதில்லை. நம் மேஸ்திரிக்கு இது சௌகரியம்தான். ஆனால் அந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை.

இந்தத் தொழிலில் மேஸ்திரிகள் அஞ்சுவது சாவுக்கு. தம் சாவுக்கல்ல, பூமிக்காரர் சாவுக்கு. பவர் கொடுத்தவர் காலமானால் பவரும் சாதாரணமாக அவரோடு போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவர் கருமத்தம்பட்டிப் பக்கம் பத்து சென்டில் மூன்று வீடு எழுப்பினார். மேல் தளம் போட்ட வாரம் பூமிக்காரப் பெரியவர் கண்ணை மூடினார். வாரிசு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்கள் கையெழுத்துக்குத் தயார். மகளுக்கு விற்கிற விஷயமே தெரியாது. மேஸ்திரி தாராபுரத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். மூன்றாவது தடவைதான் அந்த அம்மாள் பேசினாளாம்.

“ஏனுங் மேஸ்திரி, கையெழுத்துக்கு மட்டுந்தான் நானுங்களா? எங்கப்பன் வெட்டுன கெணத்த மூடறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

மேஸ்திரிக்குப் பதில் வரவில்லை. “நானுங் ஒண்ணுமே அறியாதவனுங்கம்மிணி” என்று மட்டும் சொன்னாராம். கிணறு மூடியது அவர் வருவதற்கு முன்னாலேயே. அதை அவளிடம் விளக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

பேச்சு வார்த்தை ஐந்து மாதம் இழுத்தது. கடைசியில் விலையில் மூன்றில் ஒரு பாகம் அவளுக்கு என்று அண்ணன்மார் ஒப்புக்கொண்டார்கள். மேஸ்திரிக்கு ஐந்து மாத வட்டி மூன்று லட்சம் ரூபாய். அந்த மூன்று வீட்டில் அவர் எதிர்பார்த்த லாபமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பதிவு நாளன்று அந்த அம்மாள் புருஷனோடு வந்து, மூன்றாவது விற்பனையாளராகக் கையெழுத்துப் போட்டு, பெருவிரலையும் இயந்திரத்தில் வைத்தாள். வரவேண்டிய சாட்சிகளில் ஒருவர் வரவில்லை. ஆதார் அட்டை கையில் இருந்ததால் மேஸ்திரியையே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இரண்டாவது சாட்சியாக, தகப்பனார் பெயர், கதவிலக்கத்தோடு அவர் கையெழுத்து அந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.